ஊரே ஒன்றாகப் படுத்தால்: ஃபிலடெல்ஃபியா 1918-ம் அந்த இரண்டு மேடுகளும்

கொரோனா வந்த 2020-ல் ஒரு படம் எல்லாச் செய்திச் சேனல்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு மேடுகள். ஒன்று செங்குத்தாக எழும்பி அதே வேகத்தில் இறங்கும். இன்னொன்று தாழ்வாக, அகலமாகப் படுத்திருக்கும். இரண்டுக்கும் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. "வளைகோட்டைத் தட்டையாக்க வேண்டும்" என்று நிபுணர்கள் சொல்லச் சொல்ல நாமும் தலையாட்டினோம். அந்த மேடு என்ன, புள்ளிக்கோடு என்ன, மேட்டை அழுத்தினால் யாருக்கு என்ன பலன் என்று நிதானமாக விளக்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தின் கதை போதும். செங்குத்தான மேடு எப்படியிருக்கும் என்பதை, 1918-ன் இலையுதிர் காலத்தில் ஃப்ளூ கொள்ளைநோய் தாக்கியபோது அந்த ஊர் ஆறே வாரத்தில் பார்த்துவிட்டது.

முதலில் படம். இடமிருந்து வலமாக நாட்கள் ஓடுகின்றன. கீழிருந்து மேலே, அந்தந்த நாளில் நோயாகப் படுத்திருப்பவர்களின் எண்ணிக்கை. புள்ளிக்கோடு ஊரின் கொள்ளளவு: எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 600 பேர் வந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் 150 இலைதான் போட முடியும். நான்கு பந்தியாக உட்கார்ந்தால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். 600 பேரும் முதல் பந்திக்கே முண்டியடித்து நுழைந்தால், அடுப்படியில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தாலும் யாருக்கும் சோறு கிடைக்காது. பரிமாறுகிறவர் நடக்கவே வழியிருக்காது. வந்தவர்கள் அதே 600 பேர்தான், வந்த விதம்தான் வேறு.

மேட்டில் புள்ளிக்கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பகுதி, இடம் கிடைக்காமல் நிற்பவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர், கவனிக்க ஆள் இருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள். மேட்டைத் தட்டையாக்குவதன் முதல் நோக்கம் அந்தத் துருத்தலைக் குறைப்பது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 1918-ல் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் என்ன ஆகிவிடப் போகிறது? பெனிசிலின் கிடையாது. செயற்கை சுவாசக் கருவி கிடையாது. ஃப்ளூவை உண்டாக்குவது வைரஸ் என்பதே தெரியாது. உண்மைதான். ஆனால் கடுமையான காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்க, கஞ்சி ஊட்ட, நனைந்த படுக்கையை மாற்ற, உடம்பைச் சூடாக வைக்க ஒருவர் வேண்டும். அந்தக் காலத்தில் மருத்துவத்தின் பெரும்பகுதி இதுதான். வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஆகவே 1918-ன் புள்ளிக்கோட்டைக் கட்டில் கணக்கில் பார்ப்பதைவிட, எழுந்து நடமாடக்கூடிய ஆட்களின் கணக்கில் பார்ப்பதுதான் சரி.

போர்க்காலத்து ஊர்

முதல் உலகப் போரின் கடைசி மாதங்கள். ஃபிலடெல்ஃபியாவின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் வந்து குவிந்துகொண்டே இருந்தது. ஹாக் ஐலண்ட் கப்பல் தளத்தில் மட்டும் பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். இத்தாலியர்கள், யூதர்கள், போலந்துக்காரர்கள், தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் எல்லோரும் நெருக்கியடித்து நின்ற வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம், ஒரே கட்டிலை ஷிஃப்ட் முறையில் பகிர்ந்துகொள்ளும் தொழிலாளர்கள். மறுபக்கம், ஊரின் டாக்டர்களில் கால்வாசிப் பேர் ராணுவ சேவைக்குப் போயிருந்தார்கள். நர்ஸ்களில் போனவர்கள் இன்னும் அதிகம். அதாவது நோய் வருவதற்கு முன்பே புள்ளிக்கோடு கீழே இறங்கியிருந்தது.

நகர நிர்வாகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கஷ்டம். கட்சிப் பெரும்புள்ளிகளின் கையில் இருந்த மாநகராட்சி அது. மேயர் தாமஸ் ஸ்மித் மீதே, முந்தைய ஆண்டு தேர்தல் வன்முறையில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்ட விவகாரத்தில் வழக்கு இருந்தது. பொது சுகாதாரத் துறையின் இயக்குநர் வில்மர் க்ரூசன் ஒரு மகளிர் மருத்துவர். கெட்ட மனிதர் அல்ல என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் மேலிடத்தை எதிர்த்து ஓர் உத்தரவு போடக்கூடியவரும் அல்ல.

செப்டம்பர் 7-ஆம் தேதி பாஸ்டனிலிருந்து 300 மாலுமிகள் ஃபிலடெல்ஃபியாவின் கடற்படைத் தளத்துக்கு வந்தார்கள். பாஸ்டனில் அப்போது ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்திற்குள் தளத்தில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் படுத்துவிட்டார்கள். 17-ஆம் தேதி பொதுமக்களிடம் முதல் நோயாளிகள் பதிவானார்கள். இருமாதே, தும்மாதே, துப்பாதே என்று சுகாதாரத் துறை பிரசாரம் தொடங்கியது. 21-ஆம் தேதி, ஃப்ளூ நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் கட்டாயம் தகவல் தர வேண்டும் என்ற விதி வந்தது. செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஊர்வலம்

செப்டம்பர் 28, சனிக்கிழமை. போருக்குப் பணம் திரட்ட அரசு வெளியிட்ட 'லிபர்ட்டி லோன்' கடன் பத்திரங்களின் நான்காவது சுற்றுக்காக ஒரு மாபெரும் ஊர்வலம். பிராட் தெருவில் ராணுவத்தினர், பேண்டு வாத்தியங்கள், பெண்கள் அமைப்புகள், சாரணர்கள் எல்லோரும் நடந்தார்கள். வேடிக்கை பார்க்க சுமார் 2 லட்சம் பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று டாக்டர்கள் சிலர் முன்கூட்டியே சொன்னார்கள். ஹோவர்ட் ஆண்டர்ஸ் என்ற மருத்துவர் பத்திரிகைகள் வழியாக எச்சரிக்க முயன்றார். அவை வெளியிட மறுத்துவிட்டன. அந்த ஆண்டு மே மாதம் வந்திருந்த தேசத்துரோகச் சட்டத்தில், அரசை அவமதித்துப் பேசினாலோ எழுதினாலோ 20 ஆண்டுவரை சிறை. போர் உற்சாகத்தைக் குலைக்கும் எதையும் அச்சில் ஏற்ற ஆசிரியர்கள் தயங்கினார்கள். க்ரூசனுக்கோ, கடன் பத்திர விற்பனை இலக்கைத் தொடவில்லை என்ற பழி தன் தலையில் விழுந்துவிடக் கூடாது.

மூன்று நாளில் நகரத்தின் 31 ஆஸ்பத்திரிகளும் நிரம்பின. ஃபிலடெல்ஃபியா கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, "பார்த்தீர்களா, ஒரு ஊர்வலம் ஊரை அழித்தது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஃப்ளூ உடம்புக்குள் நுழைந்து காய்ச்சலாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அது நிமோனியாவாக முற்றிப் படுக்கை தேடி வர இன்னும் சில நாள். எனவே 72 மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களில் பலர் ஊர்வலத்துக்கு முன்பே தொற்று வாங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். நோய் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது. ஊர்வலம் அதை மூலை முடுக்கெல்லாம் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பத்து நாளில் பரவ வேண்டியது ஒரு மதியத்தில் பரவியது. மேடு செங்குத்தாவது இப்படித்தான்.

இரட்டிப்புக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தொற்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 100 பேர். நான்காம் நாள் 200. எட்டாம் நாள் 400. பன்னிரண்டாம் நாள் 800. பதினாறாம் நாள் 1,600. முதல் நான்கு நாளில் கூடியது 100 பேர்தான்; கடைசி நான்கு நாளில் 800 பேர். ஆரம்பத்தில் பட்டியலைப் பார்க்கும் அதிகாரிக்கு 'சமாளித்துவிடலாம்' என்றே தோன்றும். அவர் ஒரு வாரம் யோசித்தால் அந்த ஒரு வாரத்தின் விலை முதல் வாரத்தில் தெரியாது, மூன்றாவது வாரத்தில்தான் தெரியும். பொதுமக்களிடம் நோய் பதிவான செப்டம்பர் 17-லிருந்து, பள்ளிகளையும் தேவாலயங்களையும் தியேட்டர்களையும் மூடிய அக்டோபர் 3 வரை, ஃபிலடெல்ஃபியா எடுத்துக்கொண்டது 16 நாள்.

அந்த மூடல் உத்தரவுக்குக்கூட முணுமுணுப்பு இருந்தது. மாநில சுகாதாரத் துறையின் தற்காலிக ஆணையர் பெஞ்சமின் ராயர் அதே நாளில் மாநிலம் முழுக்க மதுக்கடைகளையும் தியேட்டர்களையும் மூடச் சொன்னார். 'ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்' பத்திரிகை, நோயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு உற்சாகமான விஷயங்களைப் பேசுங்கள் என்று வாசகர்களுக்குப் புத்தி சொன்னது. அது எழுதிய வாரத்தில் ஊரின் வீடுகளில் பிணங்கள் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன.

ஒவ்வொரு கோடாக

படத்தில் ஒரே ஒரு புள்ளிக்கோடு இருக்கும். நிஜ ஊரில் கோடுகள் பல, அவை வெவ்வேறு உயரத்தில் இருக்கும் என்பதைத்தான் ஃபிலடெல்ஃபியா காட்டுகிறது. மேடு உயர உயர ஒவ்வொன்றாக மூழ்கும்.

முதலில் படுக்கைகள். அப்புறம் நர்ஸ்கள். இருந்த கொஞ்சம் பேரிலும் பலர் படுத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போகும் நர்ஸ் காலையில் கையில் ஒரு பட்டியலோடு கிளம்புவார். வழியில் ஒவ்வொரு வாசலிலும் கையைப் பிடித்து இழுக்க ஆள் நிற்கும். பட்டியல் அதோடு போயிற்று.

அடுத்தது டெலிபோன். அப்போது ஒவ்வொரு அழைப்பையும் ஆபரேட்டர்தான் கையால் இணைக்க வேண்டும். பெல் நிறுவனத்தின் ஆபரேட்டர்களில் 800-க்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கு வரவில்லை. அவசரமில்லாத அழைப்புகளை மறுக்க அந்த நிறுவனத்துக்கு க்ரூசன் அனுமதி கொடுத்தார். டாக்டரைக் கூப்பிடும் வழியே அடைபட்டால் டாக்டர் இருந்து என்ன, இல்லாமல் என்ன.

பிறகு சாவின் வேலைகள். இதை எழுதாமல் தாண்டிப் போக முடியாது. நகரத்தின் பிணவறை 13-ஆம் தெருவும் வுட் தெருவும் சேரும் இடத்தில் இருந்தது. அதில் 36 உடல்கள் வைக்கலாம். 200-க்கும் மேல் அடுக்கினார்கள். வராண்டாவிலும், ஐஸ் இல்லாமலும், சவத்துணிகூட இல்லாமலும். வேறு கட்டடங்களைத் தற்காலிகப் பிணவறைகளாக்கினார்கள். சவப்பெட்டி தீர்ந்துபோனது, இருப்பதைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கடைக்காரர்கள் காவல் போட்டார்கள். டிராம் பெட்டிகள் செய்யும் பிரில் நிறுவனம் தன்னிடமிருந்த சரக்குப் பெட்டிகளைச் சவப்பெட்டிகளாகக் கொடுத்தது. இறுதிச் சடங்கு நடத்துபவர்களில் சிலர் விலையைப் பல மடங்கு ஏற்றினார்கள். கல்லறையில் குழி தோண்டுகிறவர்கள் படுத்துவிட்டார்கள், அல்லது பயந்து வரவில்லை. சில இடங்களில் கல்லறைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, குழியை நீங்களே தோண்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஹோலி கிராஸ் கல்லறைத் தோட்டத்தில் நீராவி இயந்திரத்தால் நீளப் பள்ளம் வெட்டி வரிசையாகப் புதைத்தார்கள்.

அக்டோபர் 10 அன்று ஒரே நாளில் 759 பேர் இறந்தார்கள். நோய் வருவதற்கு முன் அந்த ஊரில் எல்லாக் காரணங்களாலும் சேர்த்து ஒரு வாரத்துக்கே சுமார் 485 பேர்தான் இறப்பார்கள். மிக மோசமான வாரத்தில் ஃப்ளூவும் நிமோனியாவும் கொன்றது 4,500-க்கும் மேல்.

செத்தவர்கள் யார் என்பதும் முக்கியம். வழக்கமான ஃப்ளூ குழந்தைகளையும் முதியவர்களையும்தான் அதிகம் கொல்லும். 1918-ல் 20 முதல் 40 வயதுவரை உள்ளவர்கள் பெரும் எண்ணிக்கையில் இறந்தார்கள். வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நர்ஸ், போலீஸ், ஆபரேட்டர், குழி தோண்டுபவர் என எல்லோரும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். மேடு உயரும்போதே கோடுகள் இறங்கியதற்குக் காரணம் இதுதான். கொரோனாவில் இவ்வளவு கடுமையாக நாம் பார்க்காத ஒன்று இது.

கோட்டை உயர்த்தியவர்கள்

மேட்டைத் தாழ்த்துவது ஒரு வழி. கோட்டை உயர்த்துவது இன்னொரு வழி. முதலாவதில் தோற்ற ஃபிலடெல்ஃபியா, இரண்டாவதில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தது. அதில் மாநகராட்சியின் பங்கு குறைவு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்புகளை நிறுத்தி வார்டுகளுக்கு அனுப்பினார்கள். ஐசக் ஸ்டார் அப்போது மூன்றாமாண்டு மாணவர். பிற்காலத்தில் இதய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஃப்ளூவைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு கேட்டுவிட்டு, பாதி இடிக்கப்பட்டிருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அவசர வார்டுக்குப் போனார். போன வேலை நர்ஸ் வேலை. சாதாரணக் காய்ச்சலோடு வந்தவர்களில் பலர் தேறினார்கள். மற்றவர்களுக்கு மூச்சுத் திணறி, உதடும் முகமும் நீலமாகி, சில மணி நேரத்தில் உயிர் போனது. இரவு வீடு திரும்பும் வழியில் பல மைல் தூரம் எதிரே ஒரு கார்கூட வராத அளவுக்கு ஊர் வெறிச்சோடியிருந்ததைப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பில் அவர் சொல்கிறார்.

கத்தோலிக்கப் பேராயர் டென்னிஸ் டோர்ட்டி, கன்னியாஸ்திரிகளை மடத்தை விட்டு வெளியே வந்து நோயாளிகளைக் கவனிக்கச் சொன்னார். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி ஆசிரியைகள், பள்ளிகள்தான் மூடியிருந்தனவே. மருத்துவப் பயிற்சி கிடையாது. வெளியாட்களோடு பேசிப் பழகாத மடங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இத்தாலியர், யூதர், கறுப்பினத்தவர் என்று பார்க்காமல் வீடுகளுக்குள் போய்த் தரையைக் கழுவினார்கள், சூப் காய்ச்சினார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், செத்தவரின் கண்ணை மூடினார்கள். சிலர் தாங்களும் தொற்றி இறந்தார்கள். செயின்ட் சார்ல்ஸ் குருமடத்து மாணவர்கள் கல்லறைக்குப் போய் மண்வெட்டி எடுத்தார்கள்.

வெள்ளையர் ஆஸ்பத்திரிகளில் கறுப்பின மக்களுக்கு இடம் கிடைப்பது சாதாரண நாளிலேயே கஷ்டம். அவர்களுக்கென்று நகரத்தில் இருந்தவை ஃபிரெடெரிக் டக்ளஸ் நினைவு மருத்துவமனையும் மெர்சி மருத்துவமனையும்தான். டக்ளஸ் மருத்துவமனை நிரம்பியதும், செயின்ட் பீட்டர் க்ளேவர் ஆலயத்தின் பள்ளிக்கூடத்தைக் கிளை வார்டாக்கினார்கள். 'ஊரின் கொள்ளளவு' என்று ஒரே கோடாக வரைவதில் இந்த விவரம் மறைந்துபோகும். அந்தக் கோடு எல்லாத் தெருவுக்கும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை.

டெலிபோன் பிரச்சினைக்கு ஒரு நல்ல தீர்வு கண்டார்கள். போர்க்காலத்துக்காக உருவாக்கப்பட்ட தேசியப் பாதுகாப்புக் குழு ஒன்று, ஸ்ட்ராபிரிட்ஜ் அண்ட் க்ளோதியர் என்ற பெரிய துணிக்கடைக்குள் இரவு பகலாக இயங்கும் ஓர் உதவி மையத்தைத் திறந்தது. 'ஃபில்பர்ட் 100' என்பது அதன் எண். கூப்பிட்டுச் சொன்னால் நர்ஸோ, டாக்டரோ, வண்டியோ எது கைவசம் இருக்கிறதோ அதை அனுப்புவார்கள். நகரத்தை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, டாக்டர்களை வட்டாரத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கினார்கள். அதற்கு முன் ஒரே தெருவுக்கு மூன்று டாக்டர்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருப்பார்கள், பக்கத்துத் தெருவுக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார். ஒரு நர்ஸைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவராமல் கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிய ஏற்பாடு இது. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தடுப்பூசியும் தேடினார்கள். ஃபிப்ஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பால் லூயிஸ் கெட்டிக்காரர். போலியோவுக்குக் காரணம் வைரஸ் என்று காட்டிய ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர். இரவு பகலாக உழைத்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். அது ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. ஃப்ளூவோ வைரஸால் வருவது. மனித ஃப்ளூ வைரஸை லண்டனில் கண்டுபிடித்தது 1933-ல்தான்.

செயின்ட் லூயிஸ் என்ன செய்தது

மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ், ஃபிலடெல்ஃபியாவைவிடச் சிறிய ஊர். ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள். சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப். கிழக்குக் கடற்கரையில் என்ன நடக்கிறது என்பதைப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 5-ல் பொதுமக்களிடம் நோய் பதிவானது. 7-ஆம் தேதியே மேயர் ஹென்றி கீல் ஆதரவோடு தியேட்டர், பள்ளி, பில்லியர்ட்ஸ் கூடம், தேவாலயம், பொதுக்கூட்டம், ஊர் கூடும் சவ ஊர்வலம் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. பேராயர் க்ளெனன் எதிர்த்தார், வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஸ்டார்க்லாஃப் இறங்கி வரவில்லை.

2007-ல் இந்த நகரங்களின் கணக்கைச் சில ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் நோயாளியிலிருந்து தடை உத்தரவு வரை ஆன காலத்தில், இரண்டு ஊருக்கும் வித்தியாசம் சுமார் 14 நாள். ஃப்ளூ மூன்று முதல் ஐந்து முறை இரட்டிப்பாகப் போதுமான காலம். உச்ச வாரத்தில் வழக்கத்துக்கு மேலான சாவுகள் ஃபிலடெல்ஃபியாவில் லட்சத்துக்கு 257, செயின்ட் லூயிஸில் லட்சத்துக்கு 31.

எட்டு மடங்கு! இந்த ஒற்றை ஒப்பீடுதான் 2020-ல் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் புரியும். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் இறுதிவரை மொத்தமாகக் கூட்டினால் ஃபிலடெல்ஃபியாவில் லட்சத்துக்கு 719, செயின்ட் லூயிஸில் 347. இரண்டு மடங்குதான்.

எட்டு மடங்கு எப்படி இரண்டு மடங்காகக் குறைந்தது? படத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். 257-ம் 31-ம் மேட்டின் உயரம். 719-ம் 347-ம் மேட்டுக்கு அடியில் உள்ள மொத்தப் பரப்பு. தட்டையாக்குவது உயரத்தைப் பெரிதாகக் குறைக்கும். பரப்பைக் குறைக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அது எவ்வளவு நாள் அழுத்திப் பிடிக்கிறோம், அழுத்தும்போது எத்தனை பேருக்குப் படுக்கையும் ஆளும் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது. செயின்ட் லூயிஸில் பரப்பும் பாதியானது பெரிய விஷயம்தான். உயரத்தின் எண்ணை மட்டும் காட்டி 'எட்டில் ஏழு பேரைக் காப்பாற்றிவிட்டார்கள்' என்று சொல்வது தவறு.

ஸ்டார்க்லாஃபுக்குச் சாதகமாக இன்னொன்று இருந்தது. நோய் கிழக்கே தொடங்கி மேற்கே நகர்ந்தது. ஃபிலடெல்ஃபியாவிடம் பாஸ்டன் மட்டும்தான் உதாரணம், அதுவும் சில நாள் இடைவெளியில். செயின்ட் லூயிஸுக்கோ ஃபிலடெல்ஃபியாவே உதாரணம். அந்த இடைவெளியை ஸ்டார்க்லாஃப் பயன்படுத்தினார் என்பது அவர் கெட்டிக்காரத்தனம். இடைவெளி கிடைத்தது என்பது புவியியல். அதே இலையுதிர் காலத்தில் பம்பாயிலும் வட, மேற்கு இந்தியாவிலும் இதே நோய் கொன்ற எண்ணிக்கையின் முன் அமெரிக்க நகரங்களின் கணக்கு சிறியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் மக்கள்தொகையே குறைந்துபோனது. மழை பொய்த்து, தானிய விலை ஏறி, டாக்டரே இல்லாத கிராமங்களில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இரண்டாவது மேடு

ஃபிலடெல்ஃபியாவில் அக்டோபர் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு சாவு மளமளவென்று குறைந்தது. மாத இறுதியில் தடைகளை எடுத்துவிட்டார்கள். நவம்பர் 11-ல் போர் முடிந்தபோது ஊரே தெருவில் கூடிக் கொண்டாடியது. அப்போதும் அக்டோபரைப் போன்ற மேடு திரும்ப வரவில்லை. காரணத்தில் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. தொற்று வாங்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். பிழைத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது, 12,000-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். வைரஸுக்குப் புதிய ஆள் குறைந்துவிட்டது.

செயின்ட் லூயிஸில் கதை தலைகீழ். அங்கே நோய் தொடாதவர்கள் நிறைய பேர் மிச்சமிருந்தார்கள். நோய் குறைகிறது என்று நவம்பர் நடுவில் தடைகளைத் தளர்த்தினார்கள். பள்ளிகள் திறந்தன, தியேட்டர்கள் திறந்தன. சில வாரங்களில் நோயாளிகள் மறுபடி ஏறினார்கள், இந்த முறை குழந்தைகள் நிறைய. பள்ளிகளை மீண்டும் மூட வேண்டி வந்தது. டிசம்பரில் அந்த ஊருக்கு இரண்டாவது மேடு. 347-ல் ஒரு பங்கு அந்த மேட்டிலிருந்து வந்ததுதான்.

தட்டையாக்குவதால் கிடைப்பது காலம். அந்தக் காலத்துக்குள் தடுப்பூசி வந்துவிட்டால் பரப்பும் நிரந்தரமாகக் குறையும். 2020-ல் நம்பியிருந்தது அதை. 1918-ல் ஸ்டார்க்லாஃபுக்கு அப்படி எதுவும் வரப்போவதில்லை. ஃப்ளூவுக்கு உருப்படியான தடுப்பூசி அமெரிக்க ராணுவத்துக்கே 1940-களில்தான் கிடைத்தது. அவர் கையில் இருந்தது படுக்கைகள் காலியாகவும் நர்ஸ்கள் நிற்கும் தெம்போடும் இருக்கும்படி நோயாளிகளைப் பந்தி பந்தியாக வரவைக்கும் வழி ஒன்றுதான். லட்சத்துக்கு 719 என்பதற்கும் 347 என்பதற்கும் இடையில் உள்ள ஆட்களில் ஒரு பகுதியினராவது அந்த வழியில் பிழைத்தவர்களாக இருக்க வேண்டும்.